மாநாடு போடத் தெரிந்த சமுதாயமே! அறுபது நாற்காலி போடு!



பத்தாயிரம் பேரைத் திரட்டுவது நமக்குப் பெரிய காரியமல்ல. தேதி குறித்த அன்றே சுவர் விளம்பரத்துக்கு ஆள் கிளம்பிவிடும். எந்த ஊருக்கு எத்தனை வேன், எந்த மஹல்லாவில் யார் வசூல், உளூச் செய்யத் தண்ணீர் லாரி எங்கே நிற்கும், காணாமல் போன பிள்ளையை எந்த மைக்கில் அறிவிப்பது என்பதுவரை நம் தொண்டர்களுக்கு மனப்பாடம். களியக்காவிளையிலிருந்து ஆரல்வாய்மொழிவரை கொடி கட்டிவிட்டு, மறுநாள் ஒரு கயிறுகூட மிச்சமில்லாமல் அவிழ்த்துவிடுவார்கள். அல்ஹம்துலில்லாஹ்! இந்தத் திறமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. உரிமை கேட்க வேண்டிய இடத்தில் கூட்டம் கூட்டித்தான் கேட்க வேண்டும்.

என் கேள்வி வேறு. நம் மாவட்டத்தில் வேதியியலிலோ, இயற்பியலிலோ, கடல் உயிரியலிலோ பி.எச்.டி. செய்துகொண்டிருக்கும் முஸ்லிம் பிள்ளைகள் எத்தனை பேர்? எந்தெந்த ஊர்? எதைப்பற்றி ஆராய்கிறார்கள்? ஜமாஅத் நிர்வாகிகள் பலரிடம் இதைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். துபாயில் யார் எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று விரல்விட்டு எண்ணிச் சொல்கிறவர்கள், இதற்கு மட்டும், "இருப்பாங்க ஹஜ்ரத், விசாரிச்சுச் சொல்லுகோம்" என்கிறார்கள். விசாரித்துச் சொன்னவர் இதுவரை யாருமில்லை.

அந்தப் பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் தெரியாது. திருவிதாங்கோட்டில் ஒருவன், இடலாக்குடியில் ஒருவன், குளச்சலில் ஒரு சகோதரி. மூவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் பதிவு செய்திருக்கலாம். ஒரே கருவி கிடைக்காமல் மூவரும் திண்டாடிக்கொண்டிருக்கலாம். அவர்களைச் சேர்த்து உட்கார வைக்க நம்மிடம் ஓர் அறைகூட இல்லை!

கடைக்குள் பூட்டிக்கொண்ட வியாபாரி

வியாபாரச் சகோதரர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோட்டாறு கடைத்தெருவில் புதிதாகக் கடை வைத்த ஒருவன், மார்க்கெட்டுக்கே போகாமல், பக்கத்துக் கடைக்காரரோடு ஒரு சாயா குடிக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆவான்? எந்தச் சரக்குக்கு இன்று கிராக்கி, எது போன வருடமே செத்துப்போன சரக்கு, யாரிடம் கடன் கிடைக்கும் என்று எதுவும் அவனுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் ஷட்டரை இறக்கிவிடுவான். முதலீடு இருந்தும் இறக்கிவிடுவான்.

ஆராய்ச்சியும் அப்படித்தான். ஒருவன் நான்கு வருடம் பாடுபட்டு ஒரு விஷயத்தைத் தேடுகிறான். அதே விஷயத்தை வேறொருவர் எப்போதோ முடித்துவிட்டிருப்பார். அல்லது அவன் போன வழி அடைத்த வழி என்று அனுபவஸ்தர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். அச்சில் வரும் கட்டுரைகள் வெற்றியைத்தான் பெரும்பாலும் சொல்லும். தோற்றுப்போன சோதனையை நேரில் பார்த்துப் பேசும்போதுதான் சொல்வார்கள். அதற்காகத்தான் உலகம் முழுக்க விஞ்ஞானிகள் மாநாடு நடத்துகிறார்கள். அது ஆராய்ச்சியின் சந்தை.

அப்துஸ் ஸலாம் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1979இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்றவர். அவருடைய அஹ்மதியாக் கொள்கை நமக்கு உடன்பாடானதல்ல. அது தனி விஷயம். அதற்காக அவர் பட்ட பாட்டிலிருந்து பாடம் படிக்கக் கூடாது என்றில்லை. கேம்பிரிட்ஜில் படித்து முடித்து 1951இல் லாகூருக்கு ஆசிரியராகத் திரும்பினார். அவர் துறையைப்பற்றிப் பேச அந்த ஊரில் ஓர் ஆள் இல்லை. புதிய ஆய்விதழ்கள் வந்து சேராது. பௌலி என்ற மாபெரும் விஞ்ஞானி பம்பாய் வந்திருக்கிறார் என்று அறிந்து ஓடிப்போய்ச் சந்தித்துவிட்டு வந்தார். அனுமதி இல்லாமல் போனது ஏன் என்று கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள்! 1954இல் மீண்டும் இங்கிலாந்துக்கே போய்விட்டார். போனதற்குக் காரணங்கள் பல. ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னது அந்தத் தனிமையைத்தான். 1964இல் இத்தாலியின் திரியெஸ்தே நகரில் ஓர் ஆய்வு மையத்தைத் தொடங்கினார். ஏழை நாடுகளின் இளம் விஞ்ஞானிகள் சொந்த ஊரில் வேலையை விடாமலே, சில மாதங்கள் அங்கே வந்து மற்றவர்களோடு பேசிப் பழகித் திரும்பலாம் என்பது ஏற்பாடு. ஊரைவிட்டு ஓடாமல் விஞ்ஞானியாக இருக்க ஒரு வழி!

சின்னப் பையன் என்று ஒதுக்காத சபை

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று எவரும் எண்ண வேண்டாம். உமர் (ரலி) அவர்களின் சபையைப் பாருங்கள். பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்த ஸஹாபாக்கள் அமர்ந்திருக்கும் சபை. அதில் இப்னு அப்பாஸ் (ரலி) என்ற இளைஞரையும் உமர் (ரலி) உட்கார வைத்தார்கள். "இவர் வயதில் எங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களே, இவரை மட்டும் ஏன்?" என்று முணுமுணுப்பு எழுந்தது. உமர் (ரலி) வாதாடவில்லை. ஒருநாள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, 'இதா ஜாஅ நஸ்ருல்லாஹ்' என்ற சூராவுக்குப் பொருள் என்ன என்று கேட்டார்கள். வெற்றி கிடைக்கும்போது இறைவனைப் புகழ்ந்து பாவமன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். சிலர் மௌனமாக இருந்தார்கள். கடைசியில் இளைஞரிடம் கேட்டார்கள். அது நபி (ஸல்) அவர்களின் வாழ்நாள் முடியப்போவதை அறிவிக்கும் சூரா என்றார் அவர். நானும் அப்படித்தான் அறிந்திருக்கிறேன் என்றார்கள் உமர் (ரலி). ஸஹீஹுல் புகாரியில் உள்ள செய்தி இது.

உமர் (ரலி) செய்தது என்ன? இளைஞரைப் புகழ்ந்து பொன்னாடை போடவில்லை. "வருங்காலத் தூண்" என்று பேசவில்லை. பெரியவர்கள் முன்னால் ஒரு கேள்வியைக் கொடுத்து, பதில் சொல்ல இடம் கொடுத்தார்கள். மதரஸாவில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மதும் எத்தனை மஸ்அலாக்களில் உஸ்தாதுக்கு மாறான கருத்தைச் சொல்லியிருக்கிறார்கள்! அந்தக் கருத்துகளையும் சேர்த்துத்தான் இன்றுவரை மதரஸாக்களில் ஓதுகிறோம்.

விஞ்ஞானத்திலும் அப்படி நடந்திருக்கிறது. அல்பீரூனி 973இல் பிறந்தவர். இப்னு ஸீனா 980இல் பிறந்தவர். இருவரும் இளைஞர்களாக இருந்தபோது, குவாரஸ்மிலிருந்து அல்பீரூனி புகாராவில் இருந்த இப்னு ஸீனாவுக்கு 18 கேள்விகள் எழுதி அனுப்பினார். வானத்தைப்பற்றியும் வெப்பத்தைப்பற்றியும் அரிஸ்டாட்டில் சொன்னது சரிதானா என்ற கேள்விகள். பதில் வந்தது. பதிலுக்கு மறுப்பு போனது. வாகனமும் தபாலாபீசும் இல்லாத காலம்! இன்று கையில் செல்போனை வைத்துக்கொண்டு, பக்கத்து ஊரில் தன் துறையைப் படிப்பவன் யார் என்று தெரியாமல் நம் பிள்ளை இருக்கிறான்.

நம் சமுதாயம் ஆய்வு மாநாடே நடத்தியதில்லை என்றும் சொல்ல முடியாது. 1973இல் திருச்சியில் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. பின்னர் 1978இல் காயல்பட்டினம், 1979இல் கொழும்பு, 1990இல் கீழக்கரை என்று தொடர்ந்தது. முஸ்லிம்களுக்குத் தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் ஏடும் அச்சுமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்று ஓர் ஆய்விருக்கை வந்தது. இலங்கையின் ம.மு. உவைஸ் அவர்கள் அதில் பேராசிரியராக அமர்ந்தார்கள். இலக்கிய வரலாறு பல தொகுதிகளாக வெளிவந்தது. பெரும் பகுதி செலவு யாருடையது? வியாபாரிகளுடையது! இலக்கியத்துக்குச் செய்ததை விஞ்ஞானத்துக்கு ஏன் செய்யவில்லை?

கயிற்றில் ஒட்டிய மண்

நம் மாவட்டத்துக் கதை ஒன்று இருக்கிறது. இளைஞர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூர்க் கடற்கரையிலிருந்து தென்னங்கயிறு கப்பல் கப்பலாக ஐரோப்பா போய்க்கொண்டிருந்த காலம். 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் அந்தக் கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைக் கவனித்தார். அதில் மோனசைட் என்ற கனிமம் இருந்தது. தேடிக்கொண்டு வந்தார். வந்து சேர்ந்த இடம் நம் மணவாளக்குறிச்சி. இன்று மத்திய அரசின் மணல் ஆலை அங்கே ஓடிக்கொண்டிருப்பதன் தொடக்கம் அதுதான்.

கயிறு திரித்தவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஏற்றி அனுப்பியவர்கள் நம் கரையின் வியாபாரிகள். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடந்தவர்கள் நாம். அதைக் கையில் எடுத்து, இது என்ன என்று கேட்டவர் மட்டும் ஜெர்மனியில் இருந்தார்! அந்த மணலில் தோரியம் இருக்கிறது, இயற்கைக் கதிர்வீச்சு இருக்கிறது, கரையோர மக்களின் உடல்நலம்பற்றிய கேள்விகள் இருக்கின்றன. அந்தக் கேள்விகளுக்கு அந்தக் கரையில் பிறந்த பிள்ளை பதில் தேட வேண்டாமா? 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மீனவர்களை வாரிக்கொண்டு போனதே, முன்னறிவிப்பு கடலில் இருந்தவனுக்குப் போய்ச் சேராதது ஏன் என்பது ஓர் ஆய்வுப் பொருள் இல்லையா? குலசேகரம் ரப்பர், முப்பந்தல் காற்றாலை, திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையம், இராஜாக்கமங்கலத்தில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் என்று பொருளும் இடமும் நம் காலடியில் கிடக்கின்றன.

இந்த மாவட்டத்துக்கு மூளை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இஸ்ரோவுக்கு மூன்று தலைவர்களைத் தந்த மண் இது. குலசேகரத்தில் பிறந்த மாதவன் நாயர், சரக்கல்விளை சிவன், 2025 ஜனவரியில் பொறுப்பேற்ற மேலக்காட்டுவிளை நாராயணன். சிவன் அவர்கள் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஊர் அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவர். அந்த வரிசையில் நம் பிள்ளை ஒருவன் நிற்க, அவன் அறிவு மட்டும் போதாது. அவனைக் கைப்பிடித்து அழைத்துப் போகும் ஆட்களும் வேண்டும்.

அப்படி அழைத்துப் போகும் கூட்டம் ஒன்று நம் எல்லைக்கு ஒரு மணி நேரத் தூரத்தில்தான் தொடங்கியது. 2009இல் திருவனந்தபுரத்துக் கோவளத்தில், உயிரியலில் புதிதாக ஆய்வுக்கூடம் தொடங்கிய இளம் விஞ்ஞானிகளுக்கென்றே ஒரு சந்திப்பு நடத்தினார்கள். அதன்பின் வருடத்துக்கு ஓர் ஊராக நடக்கிறது. அங்கே மூத்தவர்கள் வருவது சொற்பொழிவு செய்துவிட்டுக் காரில் ஏறுவதற்கல்ல. இளையவர்களோடு ஒரே மேஜையில் சாப்பிட்டு, ஆய்வுக்கூடத்துக்குப் பணம் எப்படிக் கேட்பது, மாணவனை எப்படி நடத்துவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். வெளிநாட்டில் ஆய்வு முடித்துத் திரும்ப நினைப்பவன், வேலை தரும் நிறுவனத் தலைவர்களை அங்கேயே பார்த்துப் பேசுகிறான்.

ஜெர்மனியில் லிண்டாவ் என்ற சிறு ஊரில் 1951 முதல் நோபல் பரிசு பெற்றவர்கள் இளம் விஞ்ஞானிகளைச் சந்திக்கிறார்கள். உலகப்போரில் தோற்று, உலக விஞ்ஞானிகளிடமிருந்து ஒதுங்கிக் கிடந்த நாட்டில் அதை யோசித்தவர்கள் அமைச்சர்கள் அல்ல. அந்த ஊர் மருத்துவர்கள் இருவர். நாகர்கோவிலில் டாக்டர்களுக்குப் பஞ்சமா?

பறிக்கப்பட்ட உதவித்தொகை

2006இல் வந்த சச்சார் அறிக்கை, நாட்டின் முதன்மையான கல்லூரிகளில் இளங்கலையில் 25 பேருக்கு ஒருவர், முதுகலையில் 50 பேருக்கு ஒருவர்தான் முஸ்லிம் என்று சொன்னது. படிகள் ஏற ஏறப் பாதியாகிவிடுகிறோம் என்று பொருள். அதன்பின் 2009இல் மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகை வந்தது. சிறுபான்மைச் சமூகத்துப் பிள்ளைகள் எம்.ஃபில்., பி.எச்.டி. செய்ய மாதாமாதம் பணம். 2022 டிசம்பர் 8ஆம் தேதி, அது அந்த ஆண்டுமுதல் நிறுத்தப்படுவதாக அன்றைய அமைச்சர் ஸ்மிருதி இரானி மக்களவையில் அறிவித்தார். மற்ற உதவித் திட்டங்களிலும் சிறுபான்மையினர் பயன்பெறலாமே, இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக வருகிறதே என்பது காரணமாம்! ஒருவன் இரண்டு இடத்தில் வாங்கினால் அதைத் தடுக்கலாம். ஒரே இடத்தில் வாங்குகிறவனுக்கும் வாசலைச் சாத்துவது என்ன நியாயம்?

இதற்காகக் குரல் கொடுத்தோம், இன்னும் கொடுப்போம். தமிழகத்தில் 2007இல் 3.5 சதவீத இட ஒதுக்கீடு கிடைத்ததும் தெருவில் நின்று கேட்டதால்தான். ஆனால் போராட்டம் ஜெயிக்கும்வரை அந்தப் பிள்ளை எங்கே நிற்பான்? மூன்றாம் வருடத்தில் பணம் நின்றுபோனவன், வாப்பாவின் கடைக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுகிறான். அவனைத் தடுத்து நிறுத்த வேறு எங்கே உதவி கிடைக்கும், எந்தப் பேராசிரியரிடம் திட்டப் பணம் இருக்கிறது, எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேரைச் சந்திக்கும் இடம்தான் நான் கேட்பது.

சான்றிதழ் கடைகள்

மாநாடு என்றதும் சில இளைஞர்கள் சிரிப்பார்கள். அவர்கள் பார்த்த மாநாடு அப்படி! "சர்வதேசக் கருத்தரங்கம்" என்று பேனர் இருக்கும். இரண்டாயிரமோ மூவாயிரமோ கட்டணம் கட்டினால் கட்டுரை ஏற்கப்படும். யாரும் படித்துப் பார்ப்பதில்லை. காலையில் தொடக்க விழா, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். இடையில் ஒரே நேரத்தில் ஐந்து அறைகளில் ஆளுக்கு மூன்று நிமிடம் வாசிப்பு. கேட்க ஆளிருக்காது.

இந்தக் கடைகள் பெருகியதற்கு ஒரு காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டு யு.ஜி.சி. விதிப்படி, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்தாக வேண்டும். கட்டாயம் வந்த இடத்தில் வியாபாரம் வந்துவிட்டது. 2022 விதியில் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். கடைகள் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாக் கட்டுரையையும் ஏற்றுக்கொள்கிறவன் உன்னை ஏமாற்றுகிறான் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். நாம் நடத்தினால் கட்டணம் ஒரு பைசா வாங்கக் கூடாது.

எப்படி நடத்துவது?

அறுபது பேர். அதற்குமேல் வேண்டாம். இளம் ஆய்வாளர்கள் நாற்பது பேர், எம்.எஸ்ஸி. கடைசி வருட மாணவர்கள் பத்துப் பேர், மூத்த பேராசிரியர்களும் விஞ்ஞானிகளுமாகப் பத்துப் பேர். சனி, ஞாயிறு இரண்டு நாள். ஆறு மாதத்துக்கு முன்பே அறிவித்து, ஒவ்வொருவரும் தான் செய்வதை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பச் சொல்ல வேண்டும். அதை அந்தந்தத் துறைப் பேராசிரியர்கள் படித்துத் தேர்ந்தெடுக்கட்டும். நம் நிர்வாகிகள் அதில் கை வைக்கக் கூடாது. "நம்ம செயலாளர் மச்சான் பையன்" என்ற சிபாரிசு அங்கே நுழைந்தால் அன்றே கூட்டம் செத்துவிடும்.

இருபது பேர் பேசுவார்கள். பேச்சு பன்னிரண்டு நிமிடம், கேள்வி எட்டு நிமிடம். கேள்வி நேரத்தை வெட்டிப் பேச்சை நீட்டவே கூடாது; கேள்விக்காகத்தான் கூட்டம். முதல் கேள்வியை மாணவன் கேட்க வேண்டும், பிறகுதான் பேராசிரியர். மீதி இருபது பேர் மூன்றடி அகலம் நான்கடி உயரத்தில் சார்ட் தயாரித்துப் பலகையில் ஒட்டிவிட்டு, அதன் பக்கத்தில் நிற்பார்கள். வருகிறவர் நின்று பார்ப்பார், கேட்பார். மேடையில் பேச நடுங்குகிற பிள்ளைக்கு இதுதான் நல்லது. சாதாரணமாக இந்தப் பலகை அருகில்தான் உருப்படியான பேச்சு நடக்கும். அஸருக்குப் பிறகு மஃரிப்வரை அதற்கே விட்டுவிடலாம்.

முடிந்த வேலையை மட்டும் கொண்டுவரச் சொல்லக் கூடாது. பாதியில் நிற்கும் வேலை, தோற்றுப்போன சோதனை, ஏன் என்று தெரியாத முடிவு, இவற்றைக் கொண்டுவருகிறவனுக்கு முன்னுரிமை. ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் விண்ணப்பம் எழுதும் பயிற்சி. எந்த உதவித்தொகைக்கு என்ன தேதி, வெளிநாட்டுப் பேராசிரியருக்குக் கடிதம் எப்படி எழுதுவது, நேர்முகத் தேர்வில் என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அங்கே. நமக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்து வளாகம், அந்தப் பக்கம் தும்பாவில் விக்ரம் சாராபாய் மையம். அழைத்தால் வரக்கூடியவர்கள் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள்.

இனி, தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபித்துக்கொள்ளாதீர்கள். மேடை வேண்டாம். கிராஅத் மூன்று நிமிடம், முடிவில் துஆ இரண்டு நிமிடம். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். ஒன்பது மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் தலைவருக்காகப் பதினோரு மணிவரை காத்திருப்பதும், பிறகு ஏழு பேர் வாழ்த்தி முடிப்பதற்குள் ளுஹர் பாங்கு கேட்பதும் நமக்குப் பழக்கம். விஞ்ஞானக் கூட்டத்தில் அந்தப் பழக்கம் ஆகாது. தலைவர்கள் வரட்டும், பின்வரிசையில் உட்காரட்டும், விளங்காததைக் கைதூக்கிக் கேட்கட்டும். பிளக்ஸ் போர்டில் யார் படமும் வேண்டாம்.

வீட்டுப் பெண்பிள்ளைகள்

இந்தக் கூட்டத்தை டெல்லியிலும் சென்னையிலும் நடத்தாமல் இங்கே நடத்தச் சொல்வதற்கு முக்கியக் காரணம் நம் பெண்பிள்ளைகள். இன்று பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் மார்க்கில் முந்துகிறவர்கள் அவர்கள். ஆய்வுப் படிப்புக்குப் போனபின் நின்றுவிடுகிறார்கள். வெளியூர் மாநாட்டுக்கு அனுப்ப வீட்டில் தயக்கம், கூடப் போக ஆளில்லை, செலவு வேறு. ஒரு சகோதரியின் வாப்பா என்னிடம் சொன்னார்: "அஞ்சு வருசமாட்டு படிக்கா ஹஜ்ரத், இன்னும் தீரல்ல. என்னதான் படிக்கான்னு கேட்டா எனக்கு வெளங்கல்ல. மாப்பிள்ளை வீட்டுக்காரங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

அந்த வாப்பாவையும் அழைத்து வந்து உட்கார வையுங்கள். மகள் பலகை அருகில் நின்று, பேராசிரியர்கள் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதை அவர் கண்ணால் பார்க்கட்டும். மாலையில் அவரோடேயே வீட்டுக்குப் போய்விடலாம். பெண்களுக்குத் தனி வரிசை, தனித் தொழுகை இடம், கைக்குழந்தைக்காரர்களுக்கு ஓர் அறை, இவை எல்லாம் நாம் வழக்கமாகச் செய்கிற ஏற்பாடுதான். ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பெண்கள் பக்கத்திலும் ஒரு மைக். துண்டுச்சீட்டில் கேள்வி எழுதி அனுப்பு என்று சொல்லாதீர்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் மார்க்கம் கற்ற சமுதாயம் நாம்.

பணம்

வியாபாரிகள் கேட்பார்கள், எவ்வளவு ஆகும் என்று. என் கணக்கு இது. சாப்பாடும் சாயாவும் தலைக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் என்றால் அறுபது பேருக்கு இரண்டு நாளைக்கு 60,000. வெளியூர்க்காரர் 25 பேருக்குப் பயணமும் தங்கலும் தலைக்கு 3,000 வீதம் 75,000. பலகை வாடகை 10,000. அச்சு, புரொஜெக்டர், மற்றவை 30,000. ஆக 1,75,000 ரூபாய். மண்டப வாடகையை இதில் சேர்க்கவில்லை. ஏதாவது ஒரு ஜமாஅத் தன் கல்யாண மண்டபத்தை இரண்டு நாள் இலவசமாகத் தரும் என்று நம்புகிறேன். தும்பாவில் ராக்கெட் தளம் அமைக்க இடம் தேடியபோது, அந்த மீனவ மக்கள் தங்கள் மரிய மகதலேனாள் ஆலயத்தையே ஒப்படைத்தார்கள். பிஷப் பெரைரா அவர்கள் மக்களிடம் கேட்டார், அவர்கள் சம்மதித்தார்கள். அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்துதான் அப்துல் கலாம் என்ற நம் ராமேஸ்வரத்து இளைஞர் வேலை செய்தார். 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் பறந்தது. அவர்கள் வணங்கும் இடத்தையே கொடுத்தார்கள். நம்மிடம் கேட்பது மண்டபம், அதுவும் முகூர்த்தம் இல்லாத இரண்டு நாள்!

ஒரு விஷயத்தைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன். ஸகாத் பணத்தை இதில் கலக்காதீர்கள். அது குர்ஆன் எண்ணிச் சொன்ன எட்டு வகையினருக்கு உரியது. ஏழை ஆய்வு மாணவன் தகுதியுள்ளவனாக இருந்தால், அவன் கையில் உரிமையாகக் கொடுங்கள், அது வேறு. சாப்பாட்டுக்கும் மண்டபத்துக்கும் பலகைக்கும் சொந்தப் பணத்திலிருந்து கொடுங்கள். பத்து வியாபாரிகள் ஆளுக்கு 17,500 ரூபாய் போட்டால் வசூல் புத்தகமே வேண்டியதில்லை. கணக்கை முடிந்த வாரமே இந்தப் பத்திரிகையில் அச்சிட வேண்டும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் போன்ற அரசு அமைப்புகளிடம் பணம் கேட்பதென்றால் ஒரு கல்லூரி வழியாகத்தான் கேட்க வேண்டியிருக்கும். நம் மாவட்டத்திலேயே முஸ்லிம் நிர்வாகத்தில் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் துணைக்குச் சேர்த்துக்கொள்வது நல்லது.

முஸ்லிம்களுக்கு மட்டுமா?

இல்லை. தேர்வு செய்கிறவர்கள் பெயரை மறைத்துவிட்டு ஆய்வை மட்டும் பார்க்கட்டும். நாடார் வீட்டுப் பிள்ளை, மீனவர் வீட்டுப் பிள்ளை, காணிக்கார வீட்டுப் பிள்ளை எவர் வந்தாலும் வரட்டும். பக்தாதில் நூல்களை அரபியாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அப்பாஸிய கலீபாக்கள் அவரை விரட்டவில்லை, சம்பளம் கொடுத்தார்கள். 1982இல் மண்டைக்காட்டில் நடந்ததை இந்த மாவட்டம் இன்னும் மறக்கவில்லை. ஒரே பலகை முன்னால் நின்று ஒரே கேள்விக்கு மண்டையை உடைத்துக்கொண்ட பிள்ளைகள், நாளை தெருவில் எதிரெதிரே நிற்க யோசிப்பார்கள். நாம் கூட்டி, நாம் சோறு போட்டு, எல்லாரையும் உட்கார வைப்பது நமக்குப் பெருமைதானே!

தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதை ஒவ்வொரு ஊரின் இளைஞரணியும் அடுத்த ஜும்ஆவுக்குள் செய்துவிடலாம். உங்கள் மஹல்லாவில் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல், விவசாயம் ஆகிய துறைகளில் ஆய்வு செய்கிறவர்கள், செய்து முடித்து வேலையில்லாமல் இருப்பவர்கள், பாதியில் விட்டவர்கள் ஆகியோரின் பட்டியலை எடுத்து மாவட்ட அலுவலகத்துக்குக் கொடுங்கள். பெண்களின் பெயர்களை விட்டுவிடாதீர்கள். பாதியில் விட்டவர் எந்த வருடம் விட்டார், எதனால் விட்டார் என்பதையும் எழுதுங்கள். பெயருக்கு நேராக "படிக்கிறார்" என்று மட்டும் போட்டு அனுப்பாதீர்கள். எதைப் படிக்கிறார் என்று அவரிடமே போய்க் கேட்டு எழுதுங்கள்.